மாப்புக் கம்பில் ஒரு போன்

வேலைக்காக வெளியூர் வந்திருந்த அம்மாவுக்கு அன்று மதியம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கட்டட வரைபடம் போடுவது அவள் வேலை. ஒரு பள்ளிக்கூடத்துக் கூரைக்கான படத்தைத் திருத்தி முடித்துவிட்டாள். அதை உடனே அங்கே வேலை பார்க்கும் மேஸ்திரிக்கு அனுப்ப வேண்டும்.

"நாலு மணிக்குள்ள படம் வரலைன்னா இரும்பு வெட்டுற மெஷின் கிளம்பிடும் மேடம். விட்டா அடுத்த மாசம்தான்" என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அதுவரை பிள்ளைகள் வெயிலில்தான் உட்கார வேண்டும்.

மணி மூன்றரை. மடிக்கணினிக்கு இணையம் அம்மாவின் போனிலிருந்துதான் வர வேண்டும். விடுதி அறைக்குள் போனில் சிக்னல் ஒற்றைக் கோடு. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் இரண்டு. மடிக்கணினியோ பேட்டரி செத்த பழசு. சுவரில் செருகிய வயரை விட்டு நகராது.

"போன் மட்டும் வெளிய போனாப் போதாதாம்மா?" என்றாள் மகள் வாலு. பத்து வயதில் அவள் செய்யும் சேட்டைக்கு அந்தப் பெயர் கொஞ்சம் குறைவுதான்.

"ரெண்டும் ஒட்டிக்கிட்டே இருக்கணும்டி."

"யாரு சொன்னா? நேத்து நீ போனோட வராண்டால நடந்துக்கிட்டே அத்தைகிட்ட அரை மணி நேரம் பேசின. இங்க லேப்டாப்புல என் விளையாட்டு நிக்கவே இல்லையே!"

அம்மா போனை அவள் கையில் திணித்தாள்.

வாலு வராண்டாவுக்கு ஓடினாள். தரை துடைக்கும் அக்காவிடம், "அக்கா, மாப்பைக் கொஞ்சம் தாங்களேன். அம்மா படம் அனுப்பணும்" என்றாள்.

"மாப்புலயா?" என்றாலும் அக்கா கொடுத்துவிட்டார்.

போனைக் காலுறைக்குள் போட்டுக் கம்பின் நுனியில் மூன்று முடிச்சு போட்டாள் வாலு. ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"விழுந்துச்சு, உன்னைத் தொலைச்சுடுவேன்!" என்றாள் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஏய், போகுதுடி! பத்து... இருபது..."

கீழே காவலாளி அண்ணாந்து பார்த்தார். "யாரும்மா அது? மூணாவது மாடில இருந்து மீன் பிடிக்கிறது?"

அறுபதில் கம்பு கீழே சாயத் தொடங்கியது. அக்கா வந்து கம்பின் மறுபாதியைப் பிடித்துக்கொண்டார். "சீக்கிரம் அனுப்பச் சொல்லு. பாதித் தரை காஞ்சு போச்சு."

"நூறு! போயிடுச்சு!"

மணி மூன்று ஐம்பத்திரண்டு. மூவரும் மூச்சு விடுவதற்குள் வெளியே காலுறை அலறியது. கம்பை உள்ளே இழுத்து, முடிச்சோடு மல்லாடி, வாலுதான் போனைக் காதில் வைத்தாள்.

"படம் வந்துடுச்சு மேடம்!" என்றது மேஸ்திரியின் குரல். பிறகு யாரிடமோ, "ம், மெஷினைப் போடுப்பா!"

இரும்பு வெட்டும் சத்தம் காதைக் கிழித்தது. வாலு போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அந்தச் சத்தத்தைக் கடைசிவரை கேட்டாள்.