எட்டாம் அறையில் வெடி

மூன்று நாள் தூறலில் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரம் நீருக்கடியில் கிடப்பதுபோல் இருந்தது. 1975 ஜனவரி. தையற்கடை மாடியில் பெர்னார்ட்டின் அறைக்குச் சம்சுன்னிசா ஏறி வந்தபோது, நூருல் அமீன் அரைத் தூக்கத்திலிருந்து எழுந்து நாற்காலி போட்டான். அஞ்சலகக் குமாஸ்தாவான அவனுக்கு, அக்கம்பக்கத்தார் பெர்னார்ட்டிடம் கொண்டுவரும் சிக்கல்களைக் கேட்பதில் தீராத ஆசை. பெர்னார்ட் போலீஸில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து, அந்த மாதம் பத்தாம் தேதி ஓய்வுபெற்றவர்.

அவள் ஜாலான் புசாரில் ஒரு சின்ன ஹோட்டலில் துணி துவைப்பவள். எட்டாம் அறைக்காரனின் பெட்டியில் வெடிமருந்தும் வயரும் கிடப்பதைப் பார்த்து, பயத்தோடு ஒரே வரியில் போலீசுக்கு எழுதிப் போட்டாள். யாரும் வரவில்லை. ஒன்பதாம் நாள் ஒரு விமான நிறுவன அலுவலகத்தில் குண்டு வெடித்தது. அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த அவள் அண்ணன் நூர்தீன் இறந்துபோனார். இப்போது, தெரிந்தும் ஏன் மறைத்தாய் என்று அவளையே விசாரிக்கிறார்கள்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது வந்து கிடந்த போலீஸின் பதிலை நீட்டினாள். தடைசெய்யப்பட்ட பட்டாசு பற்றிய புகாருக்கு நன்றி என்றது அது.

"கடிதத்தை யாரோ மாத்திட்டாங்க சார். உள்ளேயே ஆள் இருக்கான் லா," என்றான் அமீன்.

பெர்னார்ட் அவளிடம் என்ன எழுதினாள், எந்தத் தேதியில் போட்டாள் என்று மட்டும் கேட்டார். 'எட்டாம் ரூம்ல வெடி இருக்கு' என்று எழுதி, ஆறாம் தேதி போட்டதாகச் சொன்னாள். அவர் பதில் கடிதத்தை அமீன் பக்கம் தள்ளினார்.

"யாரும் மாத்தலை அமீன். சீனப் புத்தாண்டு நெருங்குது. பட்டாசுத் தடைக்கப்புறம் இந்த மாசம் புகார் மூட்டை மூட்டையா வரும். வெடின்னா பட்டாசுன்னும் அர்த்தம். நாப்பது கடிதம் மொழிபெயர்த்தவன் இதையும் பட்டாசுன்னே இங்கிலீஷ்ல எழுதிட்டான். பட்டாசுன்னா அவசரமில்ல. குண்டு தேடுறவங்க மேசைக்கே அது போகலை. என்ன வெடின்னு ஒரு தடவை கேட்டிருந்தா போதும்."

"யார் சார் அவன்?"

அந்தப் பதிலின் அடியில், கோப்பு எண்ணுக்குப் பக்கத்தில் மொழிபெயர்த்தவரின் பெயரைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் இருந்தன. அமீன் படித்தான். ஏழாம் எட்டாம் தேதிகளில் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது யாரென்று அவனுக்கு மெல்லத் தெரிந்தது.

"நாந்தாம்மா," என்றார் பெர்னார்ட்.

சம்சுன்னிசா அழவில்லை. "என் தமிழ்ல ஏதும் தப்பு இருந்துச்சா?"

"இல்ல. நீங்க சரியாத்தான் எழுதியிருந்தீங்க."

அதைக் காவல் நிலையத்துக்கு வந்து சொல்வீர்களா என்று கேட்டாள். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். பென்ஷன் போய்விடுமே என்று அமீன் முணுமுணுத்தது அவர் காதில் விழாததுபோல் இருந்தது. கீழே அவர் குடையை விரித்து அவள் பக்கம் நீட்டினார். அவள் அதற்குள் வரவில்லை. நனைந்தபடியே காவல் நிலையத்தை நோக்கி முன்னால் நடந்தாள்.