நீல வளையம்

“கண்ணு தெரியலையா உங்களுக்கு?”

ஜெனிஸ்டாவின் முகமெல்லாம் தண்ணீர். இமையில் தண்ணீர், மூக்கு நுனியில் தண்ணீர்... மாத்தளை நகரத்தின் நடுவில், காலங்காத்தாலேயே ஒரு ஓசிக் குளியல்! முன்னால் ஓடியவன் பாதி குடித்த கோப்பையைத் திரும்பிப் பாராமல் தோளுக்கு மேலால் வீசியிருந்தான்.

அவன் நின்று திரும்பினான்.

“ஐயோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ... பின்னால ஆள் வாறது தெரியேல்லை.”

“இத்தனை பேரு ஓடுற ரோட்டுல ஆளு வராம ஆடா வரும்?”

யாழ்ப்பாணப் பேச்சு. கச்சேரி அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தவனாக இருக்கும். சட்டையில் குத்திய எண்ணுக்குக் கீழே ஆரூரன் என்று பெயர். சிரிக்கலாமா, திட்டு வாங்கிக்கொண்டு போகலாமா என்று தெரியாமல் முழித்த அந்தப் பெரிய கண்களைப் பார்த்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஓடினாள்.

மூன்று நாள் ஓட்டப் போட்டி அது. முதல் நாள் நகரத்துக்குள் ஐந்து கிலோமீட்டர். இரண்டாம் நாள் அலுவிகாரை வரை போய்த் திரும்பும் பத்து. மூன்றாம் நாள் ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏற்றத்தில் அரை மரதன்... இருபத்தொரு கிலோமீட்டர். மூன்றையும் முடித்தால்தான் பதக்கம்.

தோட்டத்து முன்பள்ளியில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் ஜெனிஸ்டாவுக்கு இந்த வேலை எதற்கு? நேர்த்திக்கடன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெய்த பேய்மழையில் மண் சரிந்து அவளுடைய அப்பா ரபாயேல் புதைந்து போனார். ரோட்டால் போன லொறிக்காரர்கள் சிலர் வண்டியை நிறுத்தி, வெறுங்கையாலேயே தோண்டி அவரை உயிரோடு வெளியே எடுத்தார்கள். அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு அவள் நிமிர்ந்தபோது லொறி போய்விட்டது. பெயரில்லை, ஊரில்லை, ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அந்த நன்றி நெஞ்சுக்குள் கிடந்து கனத்தது. கால்கள் நசுங்கி அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, கடைசியில் அந்தோனியாரிடம் நேர்ந்துகொண்டாள். அப்பா மீண்டும் நடந்தால், நான் ஓடி ஒரு பதக்கம் வாங்கி உங்கள் சுரூபத்தின் காலடியில் வைக்கிறேன். அப்பா நடந்துவிட்டார். இனி இவள் பங்கு.

இரண்டாம் நாள் அலுவிகாரையில் மழை பிடித்துக்கொண்டது. எப்படியோ ஓடி முடித்து, ஒரு கடை ஓரம் ஒதுங்கிச் சப்பாத்தைக் கழற்றினாள். குதிகாலில் காலுறை சிவந்திருந்தது. எதிரே நனைந்துகொண்டு நின்றான் ஆரூரன். மழைத்துளிகள் அவன் இமையில் தொங்கின... அதை ஏன் பார்க்கிறோம் என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

“நாளைக்கு ஓடாதேங்கோ. அந்த ஏத்தம் உங்களுக்கு ஏலாது.”

அவ்வளவுதான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏலுமா ஏலாதான்னு சொல்ல நீங்க யாருங்க? ஒங்க வேலையைப் பாருங்க!”

மூன்றாம் நாள் காலை, ரத்தோட்டையில் ஒலிபெருக்கி மூன்று மொழியிலும் அறிவித்தது. மேலே திரும்பும் இடத்தில் ஆளுக்கொரு நீல ரப்பர் வளையம் தருவார்கள். அதை வாங்கிக் கையில் போட்டுக்கொண்டு வராதவர்கள் பாதியில் திரும்பியவர்களாகக் கருதப்படுவார்கள், பதக்கம் இல்லை. அந்த நேரம் பார்த்து ஜெனிஸ்டா கண்ணை மூடி அந்தோனியாரிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் காதில் விழவில்லை. பத்து மணிக்குக் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள் என்பது மட்டும் முதலிலேயே தெரியும்.

ஏற்றம் அவளைப் பிழிந்தது. தேயிலை மலைக்கு மேல் மூடுபனி இறங்கி வந்தது. குதிகால் எரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் ‘ஏலாது’ என்ற சொல் வந்து குத்த, அந்தக் கோபத்திலேயே ஏறினாள்... ஏறியும் விட்டாள்! திரும்பும் இடத்தில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் தொண்டர் ஹாஷிம். மேசைக்கு முன்னால்... ஆரூரன்!

முதல் ஆட்களோடு ஓடுகிறவனுக்கு இன்னும் இங்கே என்ன வேலை? என் பிடிவாதத்தைப் பார்த்துச் சிரிக்க நிற்கிறானா? முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேசைப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு இறங்கி ஓடினாள்.

“ஜெனிஸ்டா! நில்லுங்கோ!”

நிற்பதாவது? காலை எட்டிப் போட்டாள்.

“நில்லுங்கோ எண்டுறன்... ஒரு நிமிஷம்!”

வாழ்க்கையில் அவள் அவ்வளவு வேகமாக ஓடியதே இல்லை. வளைவில் பின்னால் பொத்தென்று ஒரு சத்தம். “அம்மா...” என்று ஒரு முனகல். அப்புறம் ஒன்றுமில்லை.

அவள் கால்கள் தாமாக நின்றன. கடிகாரம் அவளுக்காகக் காத்திருக்காது, தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த லொறியும் நிற்காமல் போயிருந்தால்? திரும்பி மேலே ஓடினாள்.

ரோட்டோரத்தில் கணுக்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். மற்றக் கையை நீட்டினான். உள்ளங்கையில் ஒரு நீல வளையம்.

“இதை வாங்காமல் ஓடி வந்திட்டீங்கள். இது இல்லாட்டிப் பதக்கம் தரமாட்டினம். ஹாஷிம் உங்கட நம்பரைப் பாத்திட்டுத்தான் தந்தவர்.”

ஜெனிஸ்டாவுக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

“அதுக்காகவா... இவ்வளவு தூரம்?”

“நீங்கள் மான் மாதிரி ஓடினா நான் என்ன செய்யிறது?” வலியிலும் சிரித்தான். “போங்கோ. நேரம் போகுது.”

“ஒங்கள இப்பிடிப் போட்டுட்டா?”

“கால்தானே சுளுக்கினது, உயிர் போகேல்லை. நான் நொண்டி நொண்டி வாறன். ஓடுங்கோ, ஜெனிஸ்டா!”

ஓடினாள். வளையத்தைப் போட்டுக்கொண்டு, அழுதுகொண்டு ஓடினாள். மணி பத்தாகச் சற்றே இருந்தபோது கோட்டைத் தாண்டினாள். கையைப் பார்த்தார்கள், கழுத்தில் பதக்கத்தைப் போட்டார்கள். கைத்தடியோடு காத்திருந்த ரபாயேல் மகளைக் கட்டிக்கொண்டார். அந்த மார்புத் துடிப்பைக் கேட்டபடி, இது போதும் சாமி, கோடி நன்றி என்றாள்.

சொன்ன கையோடு நெஞ்சில் சுருக்கென்றது. நன்றி சொல்லத்தானே இத்தனை தூரம் ஓடினாள்? கண்ணெதிரே, பெயர் தெரிந்து, கால் சுளுக்கிக் கிடந்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டாளே!

“அப்பா, இப்ப வந்துர்றேன்.”

“எங்கம்மா போற? முடிஞ்சிருச்சே!”

“இன்னும் முடியலப்பா.”

நொண்டிய குதிகாலோடு மறுபடி ஏற்றத்தில் நடந்தாள். தூறல் போட்டது. எத்தனையோ வளைவுகள் ஏறிய பிறகு, மற்ற எல்லோரும் போய்விட்ட ரோட்டில், கடைசி ஆளாக ஒரு கம்பை ஊன்றி வந்துகொண்டிருந்தான் அவன். அவளைப் பார்த்ததும் அந்தப் பெரிய கண்கள் இன்னும் பெரிதாயின.

“பதக்கம் கிடைச்சுதோ?”

“கிடைச்சிச்சு. நன்றிங்க... இதைச் சொல்லத்தான் வந்தேன்.” மூச்சு வாங்கினாள். “ஏலாதுன்னு சொன்னவரு அங்க ஏங்க நின்னீங்க?”

அவன் கம்பைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான்.

“அண்டைக்கு உங்கட காலில ரத்தத்தைக் கண்டிட்டு மனம் கேக்கேல்லை. எனக்கு வடிவாக் கதைக்கத் தெரியாது, வாயில அப்பிடி வந்திட்டுது. எண்டாலும் நீங்கள் வருவீங்கள் எண்டு தெரியும். வாறதைப் பாக்கத்தான் நிண்டனான். தண்ணி ஊத்தின அண்டையிலயிருந்து... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

தூறல் அவள் இமையில் தங்கியது. இந்த முறை திட்டவில்லை.

“என்னால ஒங்க பதக்கம் போச்சே.”

“நீங்கள் திரும்பி வந்தீங்களே.”

அவன் பாரத்தைத் தன் தோளில் வாங்கிக்கொண்டாள். கீழே கடிகாரத்தை எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள். ரபாயேல் மட்டும் கோட்டருகே கைத்தடியோடு நின்றார்.

“நாளைக்கு என்னோட கோயிலுக்கு வர்றீங்களா? மெடலை அந்தோனியாருக்கு வைக்கணும்.”

“வாறன். அந்த வளையமும் அவருக்கோ?”

ஜெனிஸ்டா மணிக்கட்டை மறுகையால் பொத்திக்கொண்டாள்.

“இல்லைங்க... இதை யாருக்கும் குடுக்க மாட்டேன்.”