இறங்கியவன்

பக்கத்து வீட்டு நாய் அன்று மாலை சைலஸைப் பார்க்கவில்லை.

குட்டியாக இருந்த நாளிலிருந்தே அது வேலிப் பலகைகளின் இடுக்கில் மூக்கை நீட்டி, அவன் விரல்களை நக்கிவிட்டுத்தான் தன் வீட்டுக்குள் போகும். அன்றும் வேலியருகே வந்தது. வால் ஆடியது. பிறகு வால் நின்றுவிட்டது. அவனுடைய இடது தோளுக்குச் சற்று மேலே, அவனுக்குப் பின்னால் இருந்த எதையோ பார்த்தபடி, வயிறு தரையில் உரச மெல்லப் பின்வாங்கியது. குரைக்கவில்லை.

அவன் திரும்பிப் பார்த்தான். மகள் ஜோவானாவின் ஊஞ்சல், தார்ப்பாய் போர்த்திய கிரில் அடுப்பு, கொல்லை வேலி, வேலிக்கு அப்பால் புல். அமெரிக்காவில், கேட்டி என்ற ஊரின் அந்தக் குடியிருப்பில் அவர்களுடையது கடைசித் தெரு. அதற்குப் பின்னால் பழைய நெல்வயல்கள், இனி வரப்போகும் வீடுகளுக்காக ஆரஞ்சுக் கொடி கட்டிய குச்சிகள் நடப்பட்டு, இடுப்பளவு காய்ந்த புல் மண்டிக் கிடந்தன. குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வரும் வெள்ளைக் காட்டு வாத்துகள் அங்கே இருட்டும்வரை ஓயாமல் சளசளத்துக்கொண்டிருக்கும். ஜன்னலை மூடினாலும் அந்தச் சத்தம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மாடிக்குப் போய்ப் பார்த்தான். வயலெங்கும் அவை வெள்ளையாக இருந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை.

"அந்த நாய்க்கு என்ன ஆச்சு?" என்று சமையலறையில் நின்ற மனைவி ரெபெக்காவிடம் கேட்டான்.

"உங்க மேல இன்னும் சிங்கம் வாசம் போகலையோ என்னமோ." அவள் சிரித்தபடி அவனுடைய ஹாஸ்டல் காலத்து எவர்சில்வர் டப்பாவில் மிச்சக் குழம்பை ஊற்றி, மேலே ஒரு தட்டை வைத்து மூடினாள். டப்பாவுக்கு மூடி இல்லை. மூடி நைரோபியில் கிடக்கிறது.

கிறிஸ்துமஸுக்குப் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் நைரோபியைப் பார்த்துவிட்டு வரலாம் என்பது அவளுடைய யோசனைதான். ஹில்கிராஃப்ட் கடைத்தெருவில் டிக்கெட் போடும் ஏஜென்ட் உற்சாகமாகிவிட்டார். "ஒரு நாள் மிருகம், ஒரு நாள் ஏரி, ஒரு நாள் சிட்டி. கூடவே கைடு. ஊர்ல சொந்தக்காரங்க கல்யாண வீடியோ பாக்கறதுக்கு இது எவ்வளவோ மேல் ஸார்."

கைடின் பெயர் ஒதியம்போ. அவரே வண்டியும் ஓட்டினார். நிதானமான ஆள், ஜோவானாவுக்கு ஒட்டகச்சிவிங்கி போல மெல்லுவது எப்படி என்று நடித்துக் காட்டினார். வனவிலங்குப் பூங்காவின் வாசலில் வண்டியை நிறுத்தி, மற்றவர்களுக்கும் எத்தனையோ முறை சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன ஆங்கிலத்தில் ஒன்று சொன்னார். மிருகங்களுக்கு நம்மைத் தெரியாது, வண்டியைத்தான் தெரியும். உள்ளே இருக்கிற வரை நாம் எல்லோரும் சேர்ந்து, டீசல் நாற்றமடிக்கும் ஒரே பெரிய மிருகம். ஒருவர் காலைக் கீழே வைத்தால், அப்போதுதான் வெளியே இருக்கிற மிருகம் அவரைத் தனியாகப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளும். எதையாவது பார்த்தால் முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும். இருட்டாக இருந்தால் விளக்கையும். பிறகு இது. அவர் உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். ஜோவானாவும் வைத்துக்கொண்டாள். ஏழு வயதுக்கு அது பெரிய விளையாட்டு. அன்று முழுக்க அவள்தான் எல்லோரையும் அடக்கினாள்.

ஒட்டகச்சிவிங்கிகளுக்குப் பின்னால் நகரத்தின் கட்டடங்கள் வெயிலில் நின்றன. மதியத்துக்கு எலுமிச்சஞ்சோறு. எங்கே போனாலும் ரெபெக்கா பெட்டியில் வைத்துக்கொள்ளும் சின்ன ரைஸ் குக்கரில், ஹோட்டல் அறையின் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்தது. ஒரு திருப்பத்தில் ஜோவானாவின் மடியிலிருந்து எவர்சில்வர் டப்பாவின் மூடி நழுவி, ஜன்னல் வழியாக வெளியே விழுந்தது. இறுகிய மண் பாதையில் சுழன்று சுழன்று, ணங், ணங், ணங்ணங்ணங்கென்று அடங்கியது.

விட்டுவிடுங்கள், என்றார் ஒதியம்போ.

ஆனால் அதில் சைலஸின் பெயர் இருந்தது. புள்ளி புள்ளியாகப் பொறித்த எழுத்து. ஊரைவிட்டுக் கிளம்பும்போது அம்மா தேடி எடுத்துக் கொடுத்த டப்பா. அடுத்த முறை போனில் எதைக் கேட்காவிட்டாலும் அதைக் கேட்பாள். "இருங்க, கை எட்டற தூரம்தான்" என்று சொல்லிக்கொண்டே அவன் கதவைத் தள்ளி இறங்கிவிட்டான்.

கை எட்டும் தூரமில்லை. நடந்தான். குனிந்தான். விரல் மூடியைத் தொடுவதற்குள் பின்னால் வண்டியின் கதவு இழுத்துச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து வண்டியைப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் மூன்று முகங்கள். அவை அவனைப் பார்க்கவில்லை.

"நடந்து வா," என்றார் ஒதியம்போ, மிகத் தாழ்ந்த குரலில். "திரும்பாதே."

அவன் வந்து கைப்பிடியைத் தொட்ட பிறகுதான் கதவு திறந்தது.

என்ன பார்த்தீர்கள் என்று அன்றே கேட்டான். புல் அசைந்தது என்றாள் ரெபெக்கா. ஜோவானா அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டாள். ஒதியம்போ நெடுநேரம் ஓட்டிவிட்டு, "சிங்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் ஏரியில் நாரைகள். அதற்கடுத்த நாள் நகரம். சந்தை, மியூசியம், உயரமான கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து ரயில் நிலையம். எங்கேயும் அவர் சைலஸுக்கு முன்னால் நடக்கவில்லை. விமான நிலையத்தில் ரெபெக்காவிடமும் குழந்தையிடமும் ஜன்னல் வழியாகக் கைகொடுத்தார். பெட்டிகளை இறக்க அவர் வண்டியைவிட்டு இறங்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை. மாதம் ஒருமுறை அமெரிக்கத் திருச்சபை ஒன்றின் ஹாலை வாடகைக்கு எடுத்து நடத்துவது. முடிந்ததும் சாப்பாட்டு வரிசையில் தாமஸ் அங்கிள் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, ஆப்பிரிக்காவுக்குப் போயுமா எலுமிச்சஞ்சோறு? சிங்கத்துக்கு ஒரு வாய் குடுத்தியா?"

"அதுக்கு ஊறுகாய் இல்லாம இறங்காதாம் அங்கிள்," என்றாள் ரெபெக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். தாமஸ் அங்கிளின் தோளில் அவருடைய பேரக்குழந்தை இருந்தது. அது சைலஸின் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. பிறகு கண்கள் மெல்ல நகர்ந்தன. அவன் தோளுக்கு மேலே. இன்னும் மேலே. பின்னால் நிற்கும் உயரமான ஒருவரை அண்ணாந்து பார்ப்பதுபோல. அவனுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. குழந்தையின் வாய் கோணியது. ஆனால் அழவில்லை. மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"தூக்கம் வந்துருச்சு இவனுக்கு," என்று தாமஸ் அங்கிள் குழந்தையைத் தட்டிக்கொண்டே நகர்ந்தார்.

திரும்பி வரும்போது ஒன்றைக் கவனித்தான். முதுகுக்குப் பின்னால் இருந்த அது, வண்டிக்குள் இல்லை. கண்ணாடிகள் ஏற்றப்பட்டு, ஹீட்டரின் காய்ந்த காற்று முகத்தில் பட, மூன்று பேரும் ஃப்ரீவேயில் போகும்போது முதுகு வெறும் முதுகாக இருந்தது. பக்கத்து வண்டிகளில் இருந்த குழந்தைகள் அவனைப் பார்த்தார்கள், அல்லது பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்த வாரம் அவன் ஆபீஸிலிருந்து சுற்றுவழியில் வந்தான். மதியச் சாப்பாட்டை பார்க்கிங்கில், வண்டிக்குள்ளேயே சாப்பிட்டான். எங்கேயாவது இறங்கித்தான் ஆக வேண்டும் என்பதை மட்டும் நினைக்காமலிருக்கப் பழகிக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை, ரெபெக்கா சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அதைக் கேட்டுவிட்டான். "அன்னிக்கு ஏன் கதவ மூடுன?"

ரெபெக்கா குழாயை நிறுத்தவில்லை. "ஒதியம்போ மூடச் சொன்னார்."

"அவர் ஒண்ணும் சொல்லல. நான் கேட்டுட்டுத்தானே இருந்தேன்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "குழந்தை உள்ள இருந்தா," என்றாள் கடைசியில். "நீங்களும்தான் அதைச் செஞ்சிருப்பீங்க."

"என்ன பாத்த?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கொல்லையில், வேலிக்கு அப்பால், புல்லுக்குள் எங்கோ, ஒரு சத்தம். மெல்லியது. கல்லில் பாத்திரம் தட்டியதுபோல. ணங், ணங், பிறகு வேகமாக, பிறகு அடங்கியது. ரெபெக்கா குழாயை மூடினாள். இருவரும் ஜன்னலைப் பார்க்காமல் நின்றார்கள். அன்றிரவு அவள் ஜோவானாவின் அறையில் படுத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் அவனுக்குக் கேட்டது.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்த ஜோவானா வண்டியைவிட்டு இறங்க மறுத்தாள். கராஜ் கதவு முழுக்க இறங்கித் தரையைத் தொட்ட பிறகுதான் இறங்கினாள். அப்போதும் சைலஸின் கையைப் பிடித்து மறுபடி வண்டிக்குள் இழுத்தாள். "அப்பா, யூ கெட் இன். ப்ளீஸ்."

"வீட்டுக்கு வந்தாச்சேடா."

அவள் தலையை அசைத்தாள். அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணை வேறெங்கும் நகர்த்திவிடக் கூடாது என்று பிடிவாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழனன்று வடக்கிலிருந்து குளிர் இறங்கியது. மதியமே மழை பனிக்கட்டியாக உறையத் தொடங்கிவிட்டது. ஜோவானாவைப் பியானோ வகுப்பிலிருந்து அழைத்துக்கொண்டு மூவரும் திரும்பியபோது இருட்டிவிட்டிருந்தது. அவர்களுடைய தெருவுக்குள் திரும்பியதும் அந்த இருட்டு இன்னும் கெட்டியானது. எந்த வீட்டிலும் விளக்கில்லை. மின்கம்பிகளில் பனி தொங்கியது. சைலஸ் கராஜ் ரிமோட்டை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். கதவு அசையவில்லை.

"இங்கேயே நிறுத்திட்டு ஓடிரலாம்," என்றான்.

"நோ," என்றாள் ஜோவானா பின்சீட்டிலிருந்து. "நோ, நோ, நோ."

ரெபெக்கா கைகளைப் பிசைந்தாள். "அவ வெளிய இறங்க மாட்டா. நான் வேணா போய் உள்ளயிருந்து தொறக்கறேன்."

"அந்தக் கதவ உன்னால தூக்க முடியாது." அவன் எஞ்சினை ஓடவிட்டு, கைப்பிடியில் கைவைத்தான். "நீ இந்தப் பக்கம் வந்து உக்காரு. நான் தூக்கினதும் வண்டிய உள்ள விடு. நேரா உள்ள வந்துரு. என்ன?"

"சரிங்க."

"நின்னுறாத."

"வந்துர்றேங்க."

அவன் இறங்கினான்.

முன்வாசல் பூட்டுத் துவாரத்தில் பனி. சாவி தடுமாறி உள்ளே போனது. வீட்டுக்குள் வெளியைவிடக் குளிர் அதிகமாக இருந்தது, அல்லது வேறுவிதக் குளிராக இருந்தது, வெட்டவெளியில் காற்று சும்மா நிற்கும்போது இருக்கும் குளிர். சுவரைத் தடவிக்கொண்டே நடந்தான். ஹீட்டர் ஓடவில்லை. ஃப்ரிட்ஜ் முனகவில்லை. கார்ப்பெட்டில் தன் காலடிச் சத்தம் தனக்கே கேட்கவில்லை. சமையலறையைத் தாண்டும்போது ஒரு வாசனை வந்தது. காய்ந்த புல். வெயிலில் காய்ந்த புழுதி. அதற்கடியில், லேசாக, பழைய எலுமிச்சஞ்சோற்றின் புளிப்பு.

வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்குப் போகும் கதவைத் திறந்தான். கும்மிருட்டு. முன்னால் தகரக் கதவின் கீழ் இடுக்கில் மட்டும் ஹெட்லைட்டின் மஞ்சள் கோடு. அதை நோக்கி நடந்தான். மின்சாரம் இல்லாதபோது கதவை விடுவிக்க, தலைக்கு மேலே தொங்கும் சிவப்புக் கயிற்றைத் தேடினான். கை வெறும் காற்றில் அலைந்தது. கயிறு கிடைத்தது. இழுத்தான். குனிந்து கதவைப் பிடித்துத் தூக்கினான்.

வெளிச்சம் முகத்தில் அறைந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு கையசைத்தான். வா.

வண்டி வரவில்லை.

மறுபடி கையசைத்தான். வைப்பர்கள் ஒருமுறை இப்படியும் அப்படியும் போயின.

பிறகு எஞ்சின் நின்றது.

"ரெபெக்கா."

பிறகு விளக்குகள் அணைந்தன.

இருட்டு. கண்களுக்குள் பச்சை வட்டங்கள். அவை மெல்லக் கரைந்தன. டாஷ்போர்டின் மங்கிய வெளிச்சத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு முகங்கள் தெரிந்தன. ரெபெக்கா ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் பிடித்திருந்தாள். உதடுகள் அசைந்தன. ஜெபமாக இருக்கலாம். அவளுடைய முழங்கை மட்டும் நகர்ந்தது. வண்டியின் எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன. க்ளக்.

அவர்கள் அவனைப் பார்க்கவில்லை.

அண்ணாந்து பார்த்தார்கள்.

அவன் திரும்பவில்லை. பின்கழுத்தில் சூடு பட்டது. மூச்சின் சூடு. காலுக்கு மிக அருகில், சிமெண்டுத் தரையில், எவர்சில்வர் மூடி ஒன்று பதனமாக வைக்கப்பட்டது. அது சுழன்றது. ணங். ணங். ணங்ணங்ணங்.

அடங்கியது.

வண்டிக்குள் ஜோவானா, ஒதியம்போ கற்றுக்கொடுத்தபடியே, உதட்டின்மேல் விரலை வைத்தாள்.