இருவரும் ஒருவரா?

வீடு பழையது. கதவைத் திறந்ததும், நெடுநாள் பூட்டிக் கிடந்த அறைகளின் வாசனை முகத்தில் மோதியது. ஈரச் சுவரும் மக்கிய காகிதமும் கலந்த வாசனை. லாரியிலிருந்து இறங்கிய பெட்டிகள் கூடத்தில் இடுப்புயரத்துக்கு அடுக்கடுக்காக நின்றன. எல்லாப் பெட்டிகளிலும் உள்ளே என்ன என்று எழுதியிருந்தது, ஒன்றைத் தவிர. அதில் தும்பியின் உடைகள் இருந்தன. அதன்மேல் எழுத, தும்பியைப் பெற்ற அவளுக்கும் கை வரவில்லை, அவள் கணவனுக்கும் வரவில்லை.

தும்பி மூத்த மகள். ஒன்பது வயதில், காய்ச்சல் மூளைக்கு ஏறி ஆஸ்பத்திரி வார்டில் போய்விட்டாள். நான்கு வருடமாகிறது. இளையவளை எல்லோரும் உருண்டை என்றே கூப்பிடுவார்கள். பிறந்தபோது அப்படி இருந்தாள். இப்போது ஒல்லிக்குச்சி, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. தும்பி ஓடியாடிய வீட்டில் இனி இருக்க முடியாது என்றுதான் இங்கே வந்தார்கள்.

வைஃபை போட வந்த ஆள் சுவரைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"கோட்டை மாதிரி கட்டியிருக்காங்கக்கா. சிக்னல் உள்ள போறதுக்கே யோசிக்கும். போன வீட்டுல ஒரு பெரியவர், 'எங்கய்யா உன் வைஃபை, கையில குடு பாக்கலாம்'ங்கிறாரு."

பச்சை விளக்கு எரிந்தது. மறுகணம் பெட்டிகளுக்கு நடுவே மூன்று இடங்களிலிருந்து ஒரே மணியோசை கேட்டது. அவளுடைய ஃபோன், கணவனின் லேப்டாப், உருண்டையின் பள்ளிக்கூட டேப். இணைப்பில்லாமல் கிடந்த நாட்களுக்கெல்லாம் சேர்த்து அவை ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன.

குடும்பத்துக்கு ஒரே ஆப். போட்டோ, வீடியோ, பாட்டு எல்லாம் கிளவுடில். ஒன்றில் ஏற்றினால் மூன்றிலும் தெரியும், ஒன்றில் திருத்தினால் மூன்றிலும் திருந்தும் என்று சொல்லித்தான் விற்றார்கள். நடந்தது வேறு. ஒரே பாட்டு நான்கு முறை வந்தது. கணவனின் ஆபீஸ் மீட்டிங் பதிவுகள் உருண்டையின் டேப்பில் போய் உட்கார்ந்தன. தேதிகள் தாறுமாறாக இடம் மாறின.

"இங்க பாரு, நம்ம கல்யாண போட்டோ எல்லாம் உருண்டை பிறந்த அப்புறம் எடுத்ததா காட்டுது," என்றான் கணவன். "வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் ஃபோனைப் பார்த்தாள்.

திரையில் வட்டமாக இரண்டு முகங்கள். இடப்பக்கம் தும்பி, பள்ளிச் சீருடையில். வலப்பக்கம் உருண்டை, போன வாரம் எடுத்தது. கீழே, ஒரே ஆளின் படங்களை ஒரே ஆல்பமாகச் சேர்க்க ஆப் கேட்கும் ஒரு வரி.

இருவரும் ஒருவரா?

லைசென்ஸ் ஆபீஸில் அவளுக்கு இதுதான் வேலை. விண்ணப்பத்தில் இருக்கும் படத்தையும் கவுண்டருக்கு வெளியே நிற்கும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, ஒரே ஆள்தான் என்று உறுதி செய்ய வேண்டும். காது மடலையும் மூக்கின் அடியையும் பார்த்தால் போதும், ஏமாற மாட்டாள். உருண்டைக்கு மோவாய்க்குக் கீழே சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு உண்டு. தும்பிக்கு அது இல்லை. அவள் 'இல்லை'யைத் தொட்டாள்.

மறுநாள் அதே கேள்வி வந்தது. அதற்கடுத்த நாளும். பல் தேய்க்கும்போது, பஸ்ஸில், கவுண்டரில் வரிசை நகராமல் நிற்கும்போது. அவள் ஒவ்வொரு முறையும் 'இல்லை' என்றாள். ஒவ்வொரு முறையும் விரல் கொஞ்சம் தாமதித்தது. தும்பி போன வயதை உருண்டை தொட்டுவிட்டிருந்தாள். அந்த நெற்றி, கேமராவைப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளிப் பார்க்கும் அந்தக் கண்கள். கொஞ்ச நாளாகவே உருண்டைக்குத் தலை வாரும்போது, கண்ணாடியில் தெரியும் முகத்தை அவள் நேராகப் பார்ப்பதைத் தவிர்த்து வந்தாள். பார்த்தால் மனம் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும்.

தும்பியின் ஆல்பம் எங்கே முடியும் என்பதும் தெரியும். வார்டுக் கட்டிலில் கண்மூடிப் படுத்திருக்கும் படம். நெற்றியில் ஈரத்துணி, மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை. 'இப்பதான் தூங்கினா' என்று கணவனுக்கு அனுப்ப அவளே எடுத்தது. அதற்குப் பிறகு விரலால் எவ்வளவு தள்ளினாலும் திரை நகராது.

ஒரு மதிய உணவு இடைவேளையில், ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோது, கேள்வி மறுபடி வந்தது. அன்று அவள் களைத்திருந்தாள். ஒரே ஒரு தடவை, அப்புறம் மாற்றிவிடலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

'ஆம்' என்பதைத் தொட்டாள்.

சின்னச் சக்கரம் சுழன்றது. பிறகு ஆல்பம் திறந்தது. சீருடை போட்ட தும்பிக்குப் பிறகு வார்டு இல்லை. பூங்காவில் ஊஞ்சலாடும் தும்பி. மழையில் நனைந்த தும்பி. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தும்பி. எல்லாம் உருண்டையின் படங்கள்தான், அவளுக்குத் தெரியும். ஆனாலும் மார்புக்குள் இத்தனை வருடமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. அவள் தள்ளிக்கொண்டே போனாள். முடிவே இல்லாத ஆல்பம். கன்னத்தில் நீர் வழிந்ததைத் துடைக்கக்கூட மறந்துவிட்டாள்.

கடைசிப் படம் அன்று காலை எடுத்தது, பள்ளிக்குக் கிளம்பும்போது.

அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது.

கட்டில். ஈரத்துணி. மணிக்கட்டில் பட்டை.

தேதி, வரப்போகும் ஞாயிறு.

தேதிகள் குழம்புவது புதிதல்ல என்று சொல்லிக்கொண்டாள். முகத்தின்மேல் விரல்களை வைத்துப் பெரிதாக்கினாள். மோவாய்க்குக் கீழே, சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு.

அவசரமாக 'பிரி' என்பதைத் தொட்டாள். பிரிந்தது. சாயங்காலம் பார்த்தபோது மறுபடி சேர்ந்திருந்தது.

அன்று உருண்டை கூடத்துத் தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே வெயில் அவள் முதுகில் விழுந்திருந்தது. பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. பென்சில் இடது கையில் இருந்தது.

இடது கைக்காரி தும்பி.

"உருண்டை," என்று கூப்பிட்டாள்.

குழந்தை திரும்பவில்லை.

இன்னொரு பெயரைக் கூப்பிட்டுப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. அதைவிடப் பெரிய பயம், கூப்பிட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது.

கிட்டப்போய் மோவாயைத் தூக்கிப் பார்த்தாள். தோல் மழமழவென்றிருந்தது. கூந்தலிலிருந்து ஸ்பிரிட் நனைத்த பஞ்சின் வாசனை வந்தது.

"என்னம்மா?" என்றது குழந்தை. குரல் யாருடையது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அடுத்த நாட்களில் தழும்பு வருவதும் போவதுமாக இருந்தது. அவள் ஃபோனில் பிரிக்கும்போது வரும். எங்கோ மறுபடி சேரும்போது போகும். அடுப்படியிலும் பாத்ரூமிலும் நின்று பிரித்துக்கொண்டே இருந்தாள். கண்ணை மூடினாலும் அந்தச் சக்கரம் சுழன்றது. வெள்ளிக்கிழமை சேவை மையத்துக்கு ஃபோன் செய்தாள்.

"கோளாறு எதுவும் இல்லையே மேடம்," என்றாள் அங்கிருந்த பெண். "உங்க குடும்பக் கணக்குல மூணு கருவி இருக்கு. மூணுலயும் 'ஆம்'னு பதில் வந்ததாலதான் சேர்ந்திருக்கு. நீங்க ஒண்ணுல மாத்தினா, மத்த ரெண்டும் பழைய பதிலுக்கே கொண்டு வந்துடும்."

"நான் ஒருத்திதானே அமுக்கினேன்?"

"இல்லை மேடம். கடைசியாத்தான் நீங்க அமுக்கியிருக்கீங்க."

ஞாயிறு காலை உருண்டை எழுந்திருக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனால் அந்தப் படத்துக்கே கொண்டுபோய் விடுவதாகும் என்று அவளுக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமையிலிருந்து வாயில் அடக்கி வைத்திருந்ததை அவள் கணவனிடம் கேட்டாள். சொல்லிவிட்டால் உண்மையாகிவிடும் என்று பயந்திருந்தாள். இப்போது பயப்படுவதற்கு நேரம் இல்லை.

அவன் லேப்டாப்பை மூடினான்.

"நீயும் அமுக்கினியா?" என்றான்.

"நீங்க எப்போ?"

"வைஃபை வந்த அன்னிக்கே. பெட்டியைப் பிரிச்சிக்கிட்டு இருந்தேன். அந்தப் பெட்டி... அவ கவுன் ஒண்ணு வெளிய வந்துச்சு. அப்ப கேட்டுச்சு. ஆமான்னுட்டேன்." லேப்டாப் மூடியை விரலால் தேய்த்தான். "ரெண்டு நாளா இவ கையெழுத்து மாறியிருக்கு, பாத்தேன். பாத்துட்டு சந்தோஷப்பட்டேன். நான் என்ன மனுஷன்?"

அவளால் அவனைத் திட்ட முடியவில்லை. இருவரும் அருகருகே உட்கார்ந்து, அவள் ஃபோனிலும் அவன் லேப்டாப்பிலும், 'இல்லை' என்று தொட்டார்கள். வார்டுப் படம் கடைசியிலிருந்து நகரவில்லை. முன்பு மங்கலாக இருந்த ஈரத்துணியில் இப்போது நூல் நூலாக இழை தெரிந்தது.

மூன்றாவது, டேப்.

அது உருண்டையின் தலையணைக்கு அடியில் இருந்தது. குழந்தையின் விரல் வைத்தால்தான் திறக்கும். அவள் கட்டிலில் உட்கார்ந்து குழந்தையின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே காலை வெயில். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். அறையில் மட்டும் வெளிச்சம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் கலங்கியிருந்தது. ஸ்பிரிட் வாசனை நெஞ்சை அடைத்தது.

"கண்ணு, இதுல ஒரு கேள்வி வந்துச்சா? ரெண்டு முகம் காட்டி?"

உருண்டை கண்ணைத் திறந்தாள். "ம்."

"நீ ஏன்டா ஆமான்னு அமுக்கினே?"

"நீங்க ரெண்டு பேரும் அவளைத்தானே தேடுறீங்க."

கணவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"என்னைப் பாக்கும்போதெல்லாம் நீ எனக்குப் பின்னாடி பாப்பியேம்மா. அதான். நான் அவளா இருந்தா நீ என்னையே பாப்பேன்னு."

கோபமே இல்லாத குரல். அந்தக் கோபமின்மைதான் அவளை அறுத்தது. இத்தனை வருடம் தான் மறைத்து வைத்திருப்பதாக நினைத்ததை இந்தக் குழந்தை தினமும் தலைவாரும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"இப்ப இல்லைன்னு அமுக்கு தங்கம். சீக்கிரம்."

சின்ன விரல் திரைக்கு மேலே நின்றது. இடது கை விரல்.

"அமுக்கினா அவ எங்க போவா?"

அவள் குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள்.

"உனக்கு யாரும்மா வேணும்?"

நீதான், என்று சொல்ல வேண்டும். எந்தத் தாயும் யோசிக்காமல் சொல்லக்கூடிய ஒரு சொல். அது அவள் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் மடியில் இருந்த முகத்தில் அந்த நேரம் தழும்பு இல்லை. கண்கள் கொஞ்சம் தள்ளிப் பார்த்தன. நான்கு வருடமாகக் கனவில்கூட முழுதாக வராத முகம், சூடாக, மூச்சோடு, அவள் மடியில் கிடந்தது.

ஒரு மூச்சு நேரம்தான்.

"நீதான்," என்றாள். "நீதான்டா வேணும், உருண்டை. நீதான்."

குழந்தை அவளையே பார்த்தது. அந்த ஒரு மூச்சையும் சேர்த்துப் பார்த்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு விரல் இறங்கியது.

'இல்லை.'

சக்கரம் சுழன்றது. கூடத்தில் கிடந்த ஃபோனும் லேப்டாப்பும் ஒருசேர ஒலித்து அடங்கின. தெருவில் வண்டி ஒருவழியாகக் கிளம்பிப் போனது.

வாசனை நின்றுவிட்டது.

நெற்றியில் கை வைத்தான் கணவன். வேர்வை துளிர்த்திருந்தது. "விடுதுடி, காய்ச்சல் விடுது," என்று உடைந்த குரலில் சொன்னான். அவள் குனிந்து மோவாய்க்குக் கீழே தடவினாள். தழும்பு இருந்தது. அதே இடத்தில், அதே நீளம். ஆல்பத்தைத் திறந்து பார்த்தார்கள். தும்பி தனியாக, உருண்டை தனியாக. வார்டுப் படம் நான்கு வருடத்துக்கு முந்தைய தன் தேதிக்குத் திரும்பியிருந்தது. கணவன் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர் சத்தத்துக்கு உள்ளே அவன் அழுவது கேட்டது.

அறையில் அவர்கள் இருவர் மட்டும்.

குழந்தை வலது கையை நீட்டி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. உருண்டை எப்போதும் கட்டிக்கொள்வதுபோலவே. உதடுகள் காதில் பட்டன. மூச்சு இப்போது குளிர்ந்திருந்தது.

"ம்மா."

"சொல்லுடா."

"உருண்டை ரொம்ப நல்லவம்மா. நீ யோசிச்சல்ல, அப்பவே கிளம்பிட்டா."

குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"நான் அவ மாதிரியே இருந்துக்கறேன். வலது கையாலதான் எழுதுவேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத."

அந்தக் கையை விலக்கி முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கணவனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். குறைந்தபட்சம் ஒரு பெயரையாவது சொல்லிக் கேட்டிருக்க வேண்டும்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.