சொல்லிக்கொள்ளாமல் போனவர்கள்

“போய்ட்டு வரேன் கஸ்தூரி. அரிசி ஊறப் போட்டுடு” என்று சொல்லிவிட்டுத் தணிகாசலம் வேலைக்குக் கிளம்பினார். வாசல் நிலையில் அவர் பெயருக்கு எதிரே வழக்கம்போலப் பச்சை விளக்கு எரிந்தது.

யார் போராட்டத்தில் சேரக்கூடும் என்பதைப் பேச்சையும் நடமாட்டத்தையும் வைத்துக் கணிக்கும் ‘சேர்வுகாட்டி’ அது. கழிமுகத்தை ஒட்டிய அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒன்று இருந்தது. விளக்கு சிவந்தால் வாயுக் கிடங்கின் கதவு அந்தப் பெயருக்குரியவர் விரலுக்குத் திறக்காது. தெருவுக்கே அந்தக் கிடங்கில்தான் வேலை.

மதியம் கிடங்கிலிருந்து செய்தி வந்தது, தணிகாசலம் இறந்துவிட்டாரென்று. மாரடைப்பு என்றார்கள். உடலைக் கேட்டதற்கு, பரிசோதனை முடியட்டும் என்றார்கள். கஸ்தூரிக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மாலையில் தெருவே அவள் வீட்டில் கூடியது. தாழ்ந்த குரலில் பேசினார்கள். காலையில் கிடங்குப் பக்கமிருந்து அடித்த வாடையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு, சாவு வீட்டு வழக்கப்படி, சொல்லிக்கொள்ளாமல் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

விடிந்தபோது வந்து போன எல்லார் வீட்டிலும் சிவப்பு. புதிதாகக் குடிவந்த லோகுவுக்கு மட்டும் பச்சை.

“எங்களப் போட்டுக் குடுத்துட்டியேடா!” என்றாள் பக்கத்து வீட்டு ரோசம்மா.

“நான் யார்கிட்டயும் பேசலக்கா.”

“அப்ப உனக்கு மட்டும் இன்னா, பச்சை பெயின்ட் அடிச்சாங்களா?”

கஸ்தூரியும் அவனை நம்பவில்லை. உடலைக் கேட்கத் தெருக்காரர்களோடு கிடங்குக்கு நடந்தாள். லோகு சற்றுத் தள்ளிப் பின்னால் வந்தான்.

கதவு யார் விரலுக்கும் திறக்கவில்லை. வேலைக்கு வந்தவர்கள் அப்படியே வாசலில் தேங்கி நின்றார்கள். லோகு விரல் வைத்ததும் திறந்தது. அவன் உள்ளே போகவில்லை.

“கஸ்தூரிக்கா, நேத்து கிளம்பும்போது நான் இன்னா சொன்னேன்?”

அவள் யோசித்தாள். “போய்ட்டு வரேன்னு சொன்ன. எழவு வீட்ல அப்டி சொல்லலாமான்னு ரோசம்மா மொறச்சா.”

“நான் ஒருத்தன்தான்கா சொன்னேன். கூடிப் பேசிட்டு, சொல்லாம கொள்ளாம கலைஞ்சவங்கள எல்லாம் அது சதிகாரங்கன்னு நெனச்சிருக்கு.”



“அடப் பாழாப்போன மிஷினே! அழுவ வந்தவங்களயா?” என்றாள் ரோசம்மா. பிறகு குரலை உயர்த்தினாள். “சரி, செவப்புதான் ஆயிட்டோமே, இன்னும் எதுக்குப் பயம்? நேத்து வாயு கசிஞ்சுது. நான் மோந்தேன்!”

“நானும்” என்றது ஒரு குரல். பின்னாலிருந்து இன்னொன்று. திறந்த கதவுக்கு முதுகைக் காட்டி லோகு வந்து கஸ்தூரியின் பக்கத்தில் நின்றான். கூட்டம் நகரவில்லை.

பொழுது சாய்வதற்குள் உடலைக் கொடுத்தார்கள். மூக்கும் உதடும் வெந்திருந்தன. மாரடைப்பில் அப்படி வேகுமா என்று கஸ்தூரி கேட்டாள்.

அடக்கம் முடிந்து, எல்லாரும் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். லோகுவும்தான்.

கஸ்தூரி வாசலுக்கு வந்தாள். அவள் பெயருக்கு எதிரே சிவப்பு எரிந்தது. அதற்கு மேலே, சொல்லிக்கொண்டு போன தணிகாசலத்தின் பெயருக்கு எதிரே, பச்சை.