இடப்பக்கம் சாய்ந்த கோடுகள்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை மணி பதினொன்று. இரண்டு பெட்டி, ஒரு தையல் மிஷின், சுருட்டிக் கட்டிய மெத்தை. நான் வேலை பார்த்த கம்பெனியை மூடி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அடுத்த வேலை கிடைக்கும்வரை தன் பிறந்த வீட்டில் இருக்கலாம் என்று என் மனைவிதான் சொன்னாள்.

அவள் தம்பி வாசலுக்கே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான்.

“வாங்க மாமா. வீட்டோட மாப்பிள்ளைக்கு இங்க மரியாதை ஜாஸ்தி. காபி பெரிய டம்ளர்ல வரும்.”

“தண்ணியா இருக்குமா?”

“அது நீங்க எத்தனை நாள் இருக்கப்போறீங்கங்கறதைப் பொறுத்து.”

சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனோம். அவன் மனைவி இரண்டு சின்னப் பிள்ளைகளோடு தன் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள்.

பழைய வீடு. முன்னால் மூன்று அறை, பின்னால் சிமென்டு முற்றம், முற்றத்தின் கோடியில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். கதவில் பூட்டு தொங்கியது. என் மாமனார் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அந்த ஷெட்டில்தான் இருப்பார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மதியம், கையில் பிடித்த அரத்தோடு அங்கேயே சாய்ந்து உயிரை விட்டார்.

முதல் மூன்று நாளில் நான் கவனித்தது ஒன்றுதான். மதியம் மூன்று மணி அடித்ததும் மாமியார் ரேடியோவைச் சத்தமாக வைப்பார். பிறகு இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொள்வார்.

“காத்து ஒத்துக்கலை மாப்பிள்ளை,” என்றார் ஒருநாள்.

வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.

நான்காம் நாள் சாப்பிடும்போது மச்சினன் பேச்சை எடுத்தான்.

“சும்மா மோட்டுவளையைப் பாத்துட்டு எவ்வளவு நாள் மாமா இருப்பீங்க? அப்பாவோட ஷெட் கிடக்கு, சாமான் எல்லாம் கிடக்கு. ஒரு கத்தி செஞ்சு பாருங்க.”

“நானா?”

“பென்சில் சீவவே ஆள் தேடறவர் நீங்கன்னு தெரியும். அதான் படிப்படியா எழுதியே தர்றேன்.”

“வெங்காயம் நறுக்கற மாதிரி ஒண்ணு போதுங்க,” என்றாள் மனைவி.

அக்காவும் தம்பியும் ஒரு விஷயத்தில் அவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

அன்றே ஒரு தாள் எழுதித் தந்தான். எஃகுப் பட்டையில் கத்தியின் உருவம் வரைய வேண்டும். அறுத்து, அரத்தால் ராவி, விளிம்பைச் சரிக்க வேண்டும். பிறகு நெருப்பில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்க வேண்டும். தோய்த்த ஒரு மணி நேரத்துக்குள் மிதமான சூட்டில் வைத்துப் பதப்படுத்தாவிட்டால் கத்தி கண்ணாடி போல உடையும். கைப்பிடி கடைசியில். ‘எல்லாம் உங்கள் கையாலேயே’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான்.

ஷெட் சாவியை முற்றத்தில் தள்ளி நின்றே என்னிடம் நீட்டினான்.

ஷெட்டுக்குள் எண்ணெய் வாசனை. வியர்வையில் ஊறிய காக்கித் துணியின் வாசனையும் லேசாக இருந்தது. மேஜை, அதில் இரும்பைக் கவ்விப் பிடிக்கப் பதித்த வைஸ், சுவரில் வரிசையாக அரங்கள். இரண்டு வருடம் பூட்டிக் கிடந்த இடம். வைஸின் தாடையில் மட்டும் தூசி இல்லை.

அதை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

பட்டையை அறுக்க இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் ஒரு பக்கத்தை ராவினேன். விளிம்பு அலை அலையாக வந்தது. கையில் கொப்புளம். இருந்தாலும் ஐந்து மாதத்துக்குப் பிறகு அன்றுதான் பசித்துச் சாப்பிட்டேன். தினமும் மனைவி டீ கொண்டுவருவாள். ஜன்னல் கம்பி வழியாக வைத்துவிட்டு, ஆறிடும் குடிங்க என்று சொல்லிவிட்டுப் போவாள். ஒருநாளும் உள்ளே வரவில்லை.

மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது மறுபக்கமும் ராவியிருந்தது.

கச்சிதமான வேலை. அலையே இல்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அரம் விட்ட மெல்லிய கோடுகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. நான் வலது கைக்காரன். என் கோடுகள் வலப்பக்கம் சாயும்.

மச்சினனிடம் கேட்டேன்.

“நானா? நான் அந்தப் பக்கமே போகலை மாமா. நீங்களே தேய்ச்சுட்டு மறந்திருப்பீங்க.”

“உங்க வீட்டுல இடது கைக்காரங்க யாராவது…”

அவன் எழுந்து கை கழுவப் போனான். மனைவிதான் சொன்னாள், பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல்:

“அப்பா.”

அன்று மதியம் ஷெட்டிலேயே இருந்தேன். தகரம் காய்ந்து அனல் இறங்கியது. வீட்டுக்குள் ரேடியோ அலறத் தொடங்கியது. நான் குனிந்து என் பக்கத்து அலைகளைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

ஸ்ர்ர்க். ஸ்ர்ர்க். ஸ்ர்ர்க்.

கை வலித்தது. நிறுத்தினேன்.

ஸ்ர்ர்க்.

என் அரம் அசையவில்லை.

ஸ்ர்ர்க்.

என் இடது தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. நிதானமாக, தொழில் தெரிந்த கை போல, ஒரே அளவில். காக்கித் துணியின் வாசனை மூக்கை அடைத்தது. நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் இன்று இதை எழுத நான் இருந்திருப்பேனா என்று தெரியாது.

இந்த வேலையே வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னேன். கேட்ட சத்தத்தையும் சொன்னேன். அவள் என் கையை எடுத்துக் கொப்புளத்தில் மஞ்சள் தடவினாள்.

“பயமா இருந்தா விட்டுடுங்க. யார் என்ன சொல்லப்போறா? ஆனா இது ஒண்ணையாவது நீங்க முடிச்சதா இருக்கட்டுமேன்னு பாத்தேன்.”

மென்மையாகத்தான் சொன்னாள். அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் முற்றத்தில் கரி அடுப்பு மூட்டினேன். மணி இரண்டே முக்கால். அந்த நேரத்தை மச்சினன்தான் சொன்னான். மூன்று பேரும் சமையலறை வாசலில் நின்று பார்த்தார்கள். கத்தி செக்கச் சிவந்து, காந்தம் ஒட்டாத பதம் வந்ததும் குறட்டால் எடுத்து எண்ணெயில் நேராக இறக்கினேன். புகை முகத்தில் அடித்தது.

“விரிசல் சத்தம் கேட்டுச்சா மாமா?”

“இல்லை.”

“நல்லாப் பாருங்க. டிங்குன்னு கேட்டுச்சா?”

“இல்லைப்பா.”

“அரத்தை வெச்சுப் பாருங்க. வழுக்குதா? வழுக்கினா இறுகிடுச்சுன்னு அர்த்தம்.”

வைத்தேன். கண்ணாடிமேல் வைத்ததுபோல வழுக்கியது. முதல் முயற்சி, அதுவே பலித்துவிட்டது. நான் பெருமையோடு நிமிர்ந்தேன்.

மூன்று மணி அடித்தது.

யாரும் ரேடியோவை வைக்கவில்லை.

மாமியார் ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார். கேட்டுப் பார்த்தார். மறு காதிலிருந்தும் எடுத்தார். மச்சினன் சுவரில் சாய்ந்து, பல நாள் அடக்கியது போன்ற ஒரு மூச்சை விட்டான். என் மனைவி என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

என்னவோ சரியில்லை என்று அப்போதுதான் உறைத்தது. கத்தியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். மேஜைக்கு அடியில், சாக்குக்குப் பின்னால், ஒரு தகர டப்பா இருந்தது. உள்ளே ஏழு கத்தி, எல்லாம் ஒரே அச்சு, எல்லாவற்றிலும் இடப்பக்கம் சாய்ந்த கோடுகள். எதுவும் நெருப்பைப் பார்த்ததில்லை. சுற்றியிருந்த செய்தித்தாளின் தேதியைப் பார்த்தேன். போன மாதம்.

எட்டாவது ஒன்று அடியில் கிடந்தது. நெருப்பில் கறுத்தது, நடுவில் விரிசல் விட்டது. அதன் கோடுகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன.

“அது நான் செஞ்சது மாமா.”

மச்சினன் வாசற்படிக்கு வெளியே நின்றான். மனைவி அவனுக்குப் பின்னால் நின்றாள்.

“அப்பாவால ராவ முடியும், அவ்வளவுதான். நெருப்புகிட்டப் போக முடியாது. அதுக்கு உயிரோட ஒரு கை வேணும். யாரு காய்ச்சறாங்களோ அவங்ககிட்டப் போயிடுவார். எனக்கு அது எண்ணெயிலயே வெடிச்சுப் போச்சு. தப்பிச்சேன்.”

“போயிடுவார்னா?”

“இந்த வீட்டை விட்டுட்டு, அவங்க போற இடமெல்லாம் கூடவே போவார்.”

நான் மனைவியைப் பார்த்தேன். “உனக்குத் தெரியுமா?”

“ரெண்டு வருஷமா அம்மா தூங்கலைங்க.” குரல் எழும்பவே இல்லை. “தம்பிக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்கு. உங்களுக்குத்தான் பின்னாடி யாரும் இல்லையே.”

பதினோரு வருடம் ஒரே பாயில் படுத்தவள். நமக்கு என்று அவள் சொல்லவில்லை.

இரும்பு கையில் இருந்தால் பேய் அண்டாது என்பார்கள். என் கையில் இருந்த இரும்பை அவர்கள் இருவருக்கும் நடுவில், சிமென்டுத் தரையில் ஓங்கி அடித்தேன். பதப்படுத்தாத கத்தி. மூன்று துண்டாகத் தெறித்தது. ஒரு பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு அன்று மாலை பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது வேறோர் ஊரில் பார்சல் அலுவலகத்தில் வேலை. மாடியில் ஒற்றை அறை. மூன்று வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. எல்லாம் அந்த மூன்று துண்டோடு போயிற்று என்றே நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மனைவி ஃபோன் செய்தாள்.

“சாப்பிட்டீங்களா?”

“ம்.”

“அம்மா இப்ப நல்லாத் தூங்கறாங்க. பிள்ளைங்க ஷெட்டுலயே விளையாடுதுங்க. இங்க ஒண்ணுமே இல்லை.” கொஞ்சம் நிறுத்தினாள். “அன்னிக்கு நான் சொன்னது தப்புதான். மனசு கேட்கலை. வந்துடுங்க.”

வெட்கமில்லாமல் சொல்கிறேன், வருகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“அங்க யாரு வேலை செய்யறது?” என்றாள்.

“இங்கயா? யாருமில்லையே. நான் மட்டும்தான்.”

அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மூச்சும் கேட்கவில்லை, அடக்கிக்கொண்டு கேட்கிறாள் என்று தெரிந்தது.

“என்ன கேக்குது?”

“வேண்டாம்,” என்றாள், காதோடு காதாக. “வராதீங்க.”

வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஜன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறி ஓடவில்லை. என் காதுக்கு ஒரு சத்தமும் எட்டவில்லை. ஆனாலும் கட்டிலை விட்டு எழாமல், தலையைத் திருப்பாமல், நாலு மணி வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் தன் வேலையை முடித்துக்கொள்ளட்டும் என்று.