மழை பெய்யாத பக்கம்

“இன்னிக்கும் உங்க பக்கந்தான் திறந்திருக்கு போல.”

“ஆமாண்ணே. அதுவாத் திறக்குது, நான் என்ன செய்ய?”

“நல்லதுதான். உன் ஒட்டகமாவது கொழுக்கட்டும். என்னுதுங்களை நிறுத்தி வெச்சா விலா எலும்பை எண்ணிடலாம்.”

தூமே சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. கிணற்றின் வடக்குத் தொட்டியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய ஒட்டகங்கள் கழுத்தை நீட்டிக் குடித்தன. எல்லைக் கோட்டுக்கு அப்பால், தெற்குத் தொட்டியின் அடியில் காய்ந்த பாசி செதில் செதிலாக வெடித்திருந்தது. அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தார் ஹலாகே, அவளுடைய பெரியம்மா மகன். இவள் எதியோப்பியாவில், அவர் கென்யாவில். இரண்டு பக்கமும் போரானா சனம்தான். பேச்சும் ஒன்று, வம்சமும் ஒன்று.

கிணற்றுக்கு அடியில், மண்ணுக்குள் ஓடும் ஆற்றுக்காக இரு பக்கமும் சுட்டுக்கொண்டு செத்த காலம் ஒன்று இருந்தது. அதை முடித்துவைத்தவை மழைச்செவிகள். மேய்ச்சல் நிலமெங்கும் கம்பங்களில் பொருத்திய, மழைத்துளி விழுவதை உணரும் சென்சார்கள். கடைசியாக எந்தப் பக்கம் மழை விழுந்ததோ அந்தப் பக்கத்துத் தொட்டி தானே மூடிக்கொள்ளும், மற்றது திறக்கும். யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டாம். யந்திரத்துக்கு மாமன் மச்சான் கிடையாது.

வடக்குச் செவிகளைத் துடைத்துப் பராமரிப்பது தூமேயின் வேலை. போன மாதம் குன்றுக்குப் பின்னால் மேகம் இறங்கியபோது அவளுடைய ஒட்டகங்களில் பாதி சினையாக இருந்தன. ஒரு குட்டைகூட நிறைக்காத தூறலுக்காகத் தொட்டி மூடிவிடுமே என்று பதறினாள். அந்தச் சரிவில் இருந்தது ஒரே செவி. தான் படுக்கும் மாட்டுத்தோலை எடுத்துப்போய் அதன்மேல் போர்த்திக் கட்டினாள். தூறலோடு போய்விடும் என்றுதான் நினைத்தாள். மழை அந்தச் சரிவை விட்டு நகராமல் விடியும்வரை கொட்டியது.

மறுநாள் தொட்டி மூடவில்லை. அவளுடைய சனம் அந்தச் சரிவில்தான் குடியிருந்தது; எல்லோரும் அந்த மழையில் நனைந்தவர்கள். ஏன் மூடவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் தோலை அவிழ்த்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அது பொய்யாகவே பட்டது.

ஹலாகே சாவகாசமாகப் பேசிக்கொண்டே போனார். வடக்கிலிருந்து ஈரமண் வாசம் வந்ததாம். எங்கள் தண்ணீரைத் திருடுகிறார்கள் என்று இளவட்டங்கள் கொதிக்கிறார்களாம். புதைத்த துப்பாக்கிகளை இரண்டு பேர் தோண்டியெடுத்துவிட்டார்களாம். காற்று ஏமாற்றும், என் தங்கை ஏமாற்ற மாட்டாள் என்று அவர்தான் தடுத்து வைத்திருக்கிறார். மந்தையைத் தொலைவில் உள்ள ஏரிக்கு ஓட்டிப்போக முடிவு செய்திருந்தார். குட்டிகள் அவ்வளவு தூரம் தாங்காது.

“தாங்காதா?” என்றாள் தூமே.

“எப்படித் தாங்கும்? தாய்ங்க மடியில பால் வத்திப்போச்சே. பாதி வழியிலயே விட்டுட்டுத்தான் போகணும்.”

அவர் எழுந்து கோட்டைத் தாண்டி வந்தார். குடித்துக்கொண்டிருந்த ஒட்டகத்தின் முகத்தை மெல்ல ஒதுக்கிவிட்டார். அந்தக் கிணற்றடியில் தண்ணீரில் கைவைத்துச் சொன்ன சொல்லை யாரும் மறுத்துப் பேசியதில்லை. செவிகள் வந்தபிறகு அப்படிச் சொல்லும்படி யாரும் யாரையும் கேட்டதுமில்லை.

“எனக்காக இல்ல தங்கச்சி, துப்பாக்கி எடுத்த அந்தப் பசங்களுக்காகத்தான். இதுல கைய வெச்சு, உங்க பக்கம் மழை பெய்யலைன்னு ஒரே ஒரு தடவ சொல்லிடு. நான் கிளம்பிடுறேன்.”